முந்தின ராத்திரி மரச்சீனி சாப்பிட்டால் போதுமா? நெடுந்தூர ஓட்டத்துக்கு முன் உடம்பில் சேர்த்து வைப்பது பற்றி

கேள்வி: 9 டிசம்பர் 2024

அண்ணே, ஜனவரியில் சென்னையில் முழு மாரத்தான் ஓடப் போகிறேன். 42 கிலோமீட்டர், முதல் தடவை. ஊர் தக்கலை பக்கம், எடை 62 கிலோ. கூட ஓடுகிறவர்கள் எல்லாரும் முந்தின ராத்திரி மாவுச்சத்து ஏற்ற வேண்டும், பாஸ்தா சாப்பிடு என்கிறார்கள். எனக்கு அது இறங்காது. மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கு) மீன்கறியும் வயிறு நிறைய சாப்பிட்டுவிட்டு ஓடினால் போதாதா? பயிற்சியில் 30 கிலோமீட்டர் தாண்டினால் கால் நின்றுபோகிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

9 டிசம்பர் 2024, இரவு

மரச்சீனி சரி தம்பி. ‘முந்தின ராத்திரி’தான் சரியில்லை.

சாப்பிட்ட மாவுச்சத்தை உடம்பு கிளைக்கோஜனாக மாற்றி இரண்டு இடத்தில் வைத்துக்கொள்கிறது. தசையில் 400 முதல் 500 கிராம், ஈரலில் 100 கிராமுக்குக் கொஞ்சம் குறைய. எல்லாம் சேர்த்து 2,000 கலோரி பக்கம் வரும். ஓடும்போது ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கலோரி செலவு. 62 கிலோ ஆள் 42 கிலோமீட்டர் ஓடினால் 2,600. கையில் இருக்கிற 2,000-ஐ 62 ஆல் வகுத்துப் பாருங்கள், 32 வருகிறது. உங்கள் கால் நிற்கிற இடம் அதுதான்.

இந்த இருப்பு ஒரு ராத்திரியில் நிறையாது. ஓட்டத்துக்கு முந்தைய ஒன்றரை நாள், இரண்டு நாள், எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் தினமும் 10 முதல் 12 கிராம். உங்களுக்குக் குறைந்தது 620 கிராம். அந்த இரண்டு நாளும் கால் சும்மா இருக்க வேண்டும். இதை ஒரே இரவில் அமுக்கினால் வயிறு விடியவிடியத் தூங்கவிடாது.

11 டிசம்பர் 2024

நேற்று முழுக்க ஒரே கேள்வி: “620 கிராம் சோறா? அது இரண்டு தட்டுதானே, தினமும் சாப்பிடுகிறோமே?” என் எழுத்தில்தான் குறை. 620 கிராம் என்றது மாவுச்சத்தின் எடை. சாப்பாட்டின் எடை இல்லை. சோற்றில் பெரும்பங்கு தண்ணீர், நூறு கிராம் சோற்றில் மாவுச்சத்து 28 கிராம்தான்.

வேக வைப்பதற்கு முந்தைய எடையில் கணக்குப் போடுவது சுலபம். அரிசி 100 கிராமுக்கு 78. தோல் உரித்த பச்சை மரச்சீனி 100 கிராமுக்கு 38. நன்றாகப் பழுத்த ஏத்தன் (நேந்திரம்பழம்) ஒன்றுக்கு 35 பக்கம். கருப்பட்டி 50 கிராமுக்கு 45. நான் இரண்டு நாளும் சாப்பிடுவது இது: 400 கிராம் அரிசி (புட்டு, இடியாப்பம், கஞ்சி, சோறு எல்லாம் சேர்த்து), 400 கிராம் மரச்சீனி, மூன்று ஏத்தம்பழம், ஐம்பது கிராம் கருப்பட்டி போட்ட காப்பி. கூட்டினால் 614. இரண்டு மூன்று மட்டிப் பழத்தை (எங்கள் ஊர்ச் சின்ன வாழைப்பழம்) இடையில் போட்டுக்கொண்டால் 620 தாண்டிவிடும்.

பார்க்கக் குறைவாகத் தெரியும். சாப்பிட்டுப் பாருங்கள், இரண்டாம் நாள் மத்தியானம் வாய் மறுக்கும். அதனால் மூன்று வேளையை ஆறாகப் பிரியுங்கள். காலை பதினொரு மணிக்கு அவித்த ஏத்தன், நாலு மணிக்குக் கிழங்கு. எங்கள் வீட்டில் நாலு மணிக் காப்பியோடு கிழங்கு என்பது ஓட்டம் எல்லாம் வருவதற்கு முன்பே உள்ள பழக்கம்.

12 டிசம்பர் 2024, காலை

ஒரு திருத்தம். புட்டு என்றதும் குழாயில் பாதிக்குப் பாதி தேங்காய் நிரப்பிய புட்டை நினைத்துவிட வேண்டாம். மரச்சீனியிலும் அப்படித்தான்: தேங்காயும் சீரகமும் பச்சை மிளகாயும் சதைத்துப் போட்டு மசித்தால் அதைவிட ருசி ஏது? ஆனால் தேங்காய் கொழுப்பு. சீக்கிரம் வயிறு நிறைந்துவிடும், மாவுச்சத்துக்கு இடம் இருக்காது. அந்த இரண்டு நாள் மட்டும் கிழங்கை வெறுமனே அவித்து, மீன்கறியின் சாற்றைத் தொட்டுக்கொள்ளுங்கள்.

பயறும் வேண்டாம். புட்டும் பயறும் பப்படமும் என் உயிர். ஆனால் ஓட்டத்துக்கு முந்தின நாள் புட்டும் பழமும்தான். சக்கை (பலாப்பழம்) கிடைத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிப் போய்விடுங்கள். நார் அதிகமுள்ள எதுவும் கடைசி நாளில் வயிற்றில் கிடந்து ஓடும்போது தொந்தரவு தரும்.

15 டிசம்பர் 2024

“இதெல்லாம் புத்தகக் கணக்கா, நீங்கள் பட்டதா?” என்று ஒருவர் கேட்டார். பட்டதுதான். எழுத நேரம் வேண்டியிருந்தது.

எனக்கு 19 வயது. முதல் சிவாலய ஓட்டம். வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: மகா சிவராத்திரிக்கு முந்தின நாள் மாலை முன்சிறை திருமலையில் புறப்பட்டு, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு வழியாகத் திருநட்டாலத்தில் முடிப்போம். பன்னிரண்டு கோயில். ஒவ்வொரு கோயிலிலும் குளித்து, ஈர வேட்டியோடு, கையில் பனையோலை விசிறியோடு, கோவிந்தா கோபாலா என்று கூப்பிட்டபடி ஓட்டமும் நடையும். 110 கிலோமீட்டர் என்று சொல்வது வழக்கம். எனக்கு ஒரு இரவும் ஒரு பகலும் பிடிக்கும்.

அந்த வருடம் ஒரு வாரம் கடும் விரதம் இருந்தேன். பெரியவர்கள் சொன்னதைவிடக் கடுமையாக. இளநீர், நொங்கு, துளசித் தண்ணீர். வயதுக் கோளாறு, யாரையும் கேட்கவில்லை. திருநந்திக்கரை வரை பறந்தேன். பொன்மனை தாண்டியதும் கை நடுங்கியது. காது அடைத்தது. கூட வந்தவர்கள் பேசுவது எங்கோ தூரத்தில் கேட்டது. காரணமே இல்லாமல் அழுகை வந்தது. பன்னிப்பாகத்தில் ஒரு திண்ணையில் உட்கார்ந்தேன், எழுந்திருக்க முடியவில்லை.

அந்தப் பக்கத்துப் பனையேறி ஒருவர், அறுபது வயது இருக்கும், என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. உள்ளங்கை அகலக் கருப்பட்டியைக் கல்லில் தட்டி உடைத்து வாயில் திணித்தார். அப்புறம் ஒரு செம்பு அக்கானி. பதநீரைத்தான் நாங்கள் அக்கானி என்போம். “மெதுவா குடி மக்கா.” பத்துப் பதினைந்து நிமிடத்தில் காது திறந்தது. உலகம் திரும்பி வந்த மாதிரி இருந்தது. அன்றைக்கு எழுந்து ஓடி முடித்தேன். எதனால் எழுந்தேன் என்று தெரிந்துகொள்ள எனக்குப் பத்து வருடம் ஆனது.

1924இல் பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். தளர்ந்துபோய் முடித்தவர்களுக்கு ரத்தச் சர்க்கரை மிகவும் இறங்கியிருந்தது. அடுத்த வருடம் சில ஓட்டக்காரர்களைப் பயிற்சிக் காலத்தில் மாவுச்சத்து கூடுதலாகச் சாப்பிட வைத்து, ஓடும்போது வழியில் மிட்டாய் கொடுத்தார்கள். நல்ல நிலையில் முடித்தார்கள். எனக்கு அந்தப் பனையேறி கையிலிருந்து வந்ததும் அதுவேதான்.

18 டிசம்பர் 2024

முதல் குறிப்பில் 2,000-ஐ 62 ஆல் வகுத்தேனே, அதை இரண்டு நாளாகத் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். விடை ஏறக்குறைய சரியாக வந்தது. வழி தப்பு.

ஒன்று, ஓடும்போது மாவுச்சத்து மட்டும் எரிவதில்லை. முதல் அடியிலிருந்தே கொழுப்பும் சேர்ந்து எரிகிறது. மெதுவாகப் போனால் கொழுப்பின் பங்கு அதிகம், வேகம் கூடக் கூட மாவுச்சத்தின் பங்கு அதிகம். அந்தக் கணக்குப்படி இருப்பு 42 கிலோமீட்டரையும் தாண்டி வர வேண்டும்.

இரண்டு, அப்புறம் ஏன் 30இல் நிற்கிறது? தசையில் சேர்ந்தது அந்தத் தசைக்கு மட்டும்தான். அதைத் திரும்ப ரத்தத்தில் விட்டு இன்னொரு இடத்துக்கு அனுப்பத் தேவையான நொதி தசையில் இல்லை. ஈரலுக்கு உண்டு. கையிலும் தோளிலும் இருக்கிற கிளைக்கோஜன் கையிலும் தோளிலுமே கிடக்கும், கால் அதைக் கடன் வாங்க முடியாது. 500 கிராம் என்பது உடம்பு முழுக்கச் சேர்ந்த கணக்கு. காலுக்குக் கிடைப்பது அதில் ஒரு பங்கு.

எந்தத் தசை வேலை செய்ததோ அதில்தான் கூடுதலாகச் சேரும் என்பதை 1966இல் சுவீடனில் பெர்க்ஸ்ட்ரோம், ஹுல்ட்மன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் தங்கள் உடம்பிலேயே காட்டினார்கள். ஒரே மிதிவண்டி. இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். ஆளுக்கு ஒரு காலால் மட்டும் மிதித்து அந்தக் காலைக் காலி செய்தார்கள். பிறகு மூன்று நாள் மாவுச்சத்து நிறைந்த சாப்பாடு. ஊசி போட்டுத் தசைத் துணுக்கு எடுத்துப் பார்த்தால், உழைத்த காலில் உழைக்காத காலைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கிளைக்கோஜன். ஒரே ஆள், ஒரே சாப்பாடு, இரண்டு கால் மட்டும் வேறு. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

18 டிசம்பர் 2024, இரவு

அதன் தொடர்ச்சியாக வந்த பழைய முறையையும் எழுதிவிடுகிறேன், இன்னும் சில பேர் சொல்லிக்கொடுக்கிறார்கள். முதலில் கடுமையாக ஓடிக் காலி செய்வது, மூன்று நாள் மாவுச்சத்தே இல்லாமல் இருப்பது, அப்புறம் மூன்று நாள் ஏற்றுவது. நானும் ஒரு வருடம் செய்தேன். மூன்று நாளும் மீனும் முட்டையும் கீரையும். வீட்டில் எல்லாரிடமும் எரிந்து விழுந்தேன், மூன்றாம் நாள் ஜலதோஷம் பிடித்தது. அது தேவையே இல்லை. பயிற்சியைப் படிப்படியாகக் குறைத்து, கடைசி மூன்று நாள் மாவுச்சத்தைக் கூட்டினாலே ஏறக்குறைய அதே அளவு சேரும் என்று 1981இலேயே காட்டிவிட்டார்கள். நல்ல பயிற்சி உள்ளவர்களுக்கு ஒரு நாளிலேயே நிறைந்துவிடும் என்று பின்னால் வந்த சோதனைகள் சொல்கின்றன. நான் இரண்டு நாள் என்று வைத்துக்கொள்வது வயிற்றுக்காக.

22 டிசம்பர் 2024

வேறு பக்கம் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தூத்தூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: நாங்கள் ஓட்டக்காரர்கள் இல்லை, பந்து விளையாடுகிறோம், எங்களுக்கு இது உதவுமா?

உதவும். கால்பந்தும் ஒன்றரை மணி நேர ஓட்டம்தானே, அதுவும் வெட்டி வெட்டி ஓடுவது. 1970களில் ஸ்வீடனில் சால்டின் என்ற ஆராய்ச்சியாளர் பார்த்தது இது: தசையில் கிளைக்கோஜன் குறைவாக வைத்துக்கொண்டு இறங்கிய ஆட்டக்காரர்கள் இரண்டாம் பாதியில் ஓடிய தூரம் குறைவு, நடந்தது அதிகம். கடற்கரை ஊர்களில் ஒரே நாளில் இரண்டு ஆட்டம் வைக்கிற போட்டிகள் உண்டு. முதல் ஆட்டம் முடிந்து வெறும் சர்பத்தோடு உட்கார்ந்துவிட்டு அடுத்ததில் இறங்கினால் என்ன ஆகும்? முடிந்த அரை மணிக்குள் இரண்டு பழமும் கொஞ்சம் சோறும் போகட்டும். காலியான தசை அப்போதுதான் வேகமாக இழுத்துக்கொள்ளும்.

சைக்கிள்காரர்களுக்கும் இதே கணக்குதான். ஆரல்வாய்மொழிக் கணவாயில் எதிர்காற்றில் மிதித்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கே இருபது கிலோமீட்டர் என்பது மற்ற இடத்து நாற்பது. தூரத்தைப் பார்த்துச் சாப்பாட்டை முடிவு செய்யாதீர்கள், நேரத்தைப் பாருங்கள்.

29 டிசம்பர் 2024

அப்பாவிடம் இதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தேன். குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டியே எங்களை வளர்த்தவர். விடியும் முன்னால் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போய், நானூறு மரம் வெட்டி, பால் எடுத்து, ஷீட் அடித்துவிட்டு வந்துதான் பழங்கஞ்சி குடிப்பார். முப்பது வருடத்துக்கு மேல் சிவாலய ஓட்டம் போனவர், ஒரு தடவைகூட வழியில் உட்கார்ந்ததில்லை. “ஒங்களுக்கு அந்தத் தெம்பு எங்கிருந்து வந்தது?” என்று கேட்டேன். “மாசியில ஏது வெட்டு? இலை உதுந்து கெடக்கும்லா. சும்மா இருப்பேன். மரச்சீனி புடுங்குவோம், திம்போம்.”

எனக்கு உடம்பு சிலிர்த்தது. ரப்பர் இலை உதிர்ந்து வெட்டு நிற்கிற வாரங்களில்தான் சிவராத்திரி வரும். ஒரு வருடம் முழுக்க உழைத்த கால், இரண்டு மூன்று வாரம் ஓய்வு, கூடவே கிழங்கு. ஸ்வீடன்காரர்கள் ஊசி குத்திக் கண்டுபிடித்ததை மரம் இலையை உதிர்த்து அப்பாவுக்குக் கொடுத்திருக்கிறது. நான் அதுவரை அவர் தெம்புக்கு உழைப்புதான் காரணம் என்று நினைத்திருந்தேன். ஓய்வை யோசித்ததே இல்லை.

தக்கலைத் தம்பி, உங்களுக்குத்தான் இது: கடைசி வாரம் பயத்தில் ஒரு 25 கிலோமீட்டர் ஓடிப் பார்க்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். வேண்டாம். சேர்த்ததைச் செலவழித்துவிட்டுப் போகாதீர்கள்.

3 ஜனவரி 2025

அவசரக் குறிப்பு. தம்பி கூப்பிட்டார்: இரண்டு நாளில் எடை ஒன்றேகால் கிலோ ஏறிவிட்டது, கால் கனமாக இருக்கிறது, நிறுத்திவிடட்டுமா?

நிறுத்த வேண்டாம். ஒரு கிராம் கிளைக்கோஜன் சேரும்போது மூன்று கிராம் தண்ணீரும் கூடவே சேர்கிறது. ஏறியது கொழுப்பு இல்லை, சரக்கும் தண்ணீரும்தான். ஓடும்போது அந்தத் தண்ணீரும் வெளியே வரும். எடை ஏறியிருந்தால் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஓட்டத்தன்று காலை வெறும் வயிற்றில் நிற்காதீர்கள். ராத்திரி தூங்கும்போது தசையில் இருப்பது அப்படியே இருக்கும், ஈரலில் இருப்பது மூளைக்குப் போய்க் கரைந்துவிடும். இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் எழுந்து இரண்டு ஏத்தம்பழமும் நாலு இட்லியும். பழகாத எதையும் அன்றைக்குத் தொடாதீர்கள்.

6 ஜனவரி 2025

முடித்துவிட்டார்! 4 மணி 38 நிமிடம். 36ஆவது கிலோமீட்டரில் வேகம் குறைந்தது, நிற்கவில்லை என்று எழுதியிருக்கிறார். அரை மணிக்கு ஒரு தடவை கருப்பட்டித் துண்டும் தண்ணீரும். காகிதத்தில் சுற்றி வைத்தது வியர்வையில் கரைந்து சட்டைப்பை முழுக்கப் பாகு, ஈ மொய்த்தபடி வீட்டுக்கு வந்தாராம். அடுத்த தடவை சின்ன டப்பாவில் வையுங்கள் தம்பி. எனக்கு நேற்று முழுக்க வேலை ஓடவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

கருப்பட்டியில் ஒரு நல்ல விஷயம். குடலில் குளுக்கோஸ் நுழைகிற வாசலில் மணிக்கு 60 கிராம் பக்கம்தான் நுழைய முடியும். பழச்சர்க்கரைக்கு, அதாவது ஃப்ரக்டோஸுக்கு, வாசல் வேறு. இரண்டும் கலந்து போனால் மணிக்கு 90 கிராம் வரை உடம்பு எடுத்துக்கொள்ளும், பழகினால். கருப்பட்டியில் பெரும்பங்கு சுக்ரோஸ். உள்ளே போனதும் பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ். இரண்டு வாசலிலும் நுழையும். கடையில் விற்கிற ஜெல்லில் செய்வதும் இந்தக் கலவையைத்தான்.

13 ஜனவரி 2025

ஒரு சகோதரி கேட்டது: இந்த அளவெல்லாம் ஆண்களுக்கா, எங்களுக்குமா? நியாயமான கேள்வி, முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். கிலோவுக்கு இத்தனை என்ற கணக்கு பெண்களுக்கும் அதேதான். தட்டில் மாவுச்சத்தின் பங்கை மட்டும் கூட்டி, மொத்தச் சாப்பாட்டைக் கூட்டாமல் விட்டால் சேராது. வழக்கமாகக் குறைவாகச் சாப்பிடுகிறவர்களுக்கு அங்கேதான் சிக்கல். இரண்டு நாள் எண்ணிச் சாப்பிடுங்கள், வீட்டில் எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சியதை என்று இல்லாமல்.

2 பிப்ரவரி 2025

சிவராத்திரி இந்தத் தடவை 26ஆம் தேதி. இனி என் கவலை.

மாரத்தானுக்குச் சொன்னதை அப்படியே சிவாலய ஓட்டத்துக்குப் போட முடியாது. விரதம் உண்டு. எங்கள் வீட்டு முறை: மாலை போட்டதிலிருந்து ஒரு நேரம் பச்சரிசிச் சோறு, மற்ற நேரம் இளநீர், நொங்கு, பழம். ஒரு இளநீரில் 12 கிராம் சர்க்கரை என்று வைத்தால் 620 கிராமுக்கு ஐம்பது இளநீர். ஆகாது. பல வருடமாக நான் இதை உடம்புக்கும் சாமிக்கும் நடுவில் ஒரு இழுபறியாகவே நினைத்திருந்தேன். ஒரு கட்டத்தில் விரதம் இருப்பவர்களிடம் இது உடம்பைக் கெடுக்கிற வேலை என்றுகூட வாதம் செய்திருக்கிறேன். அது தவறு, இப்போது அப்படி நினைக்கவில்லை.

தூரம் 110 என்றாலும் போகிற வேகம் மெதுவானது, கொழுப்பின் பங்கு பெரியது. இருபத்து நாலு மணி நேரத்துக்கு எந்த இருப்பும் காணாது, வழியில் சாப்பிடுவதுதான் கொண்டுபோய்ச் சேர்க்கும். அதற்குத்தான் ஊர்க்காரர்கள் வழி நெடுக நிற்கிறார்கள்: சுக்குக் காப்பி, பானகம், மோர், உப்புப் போட்ட கஞ்சி. யார் வீடு, யார் சாதி என்று பார்க்காமல் கையில் கொடுப்பார்கள். மணிக்கு 30 கிராம் என்று வைத்தால் மொத்தம் 700 கிராம் வழியிலேயே கிடைத்துவிடும்.

9 பிப்ரவரி 2025

எங்கள் குழுவில் மூத்தவரிடம் கேட்டேன்: விரதத்தில் பழத்துக்கு அளவு உண்டா? “பழத்துக்கு என்ன கணக்கு மக்கா, தின்னு” என்றார். இருபது வருடம் இதை ஏன் கேட்காமல் இருந்தேன்?

மட்டிப் பழம். விரல் நீளம், தேன் மணம், பல் முளைக்காத பிள்ளைக்கும் மசித்துக் கொடுக்கிறது. 2023இல் கன்னியாகுமரி மட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பழத்துக்கு 10 கிராம் மாவுச்சத்து. 24, 25 இரண்டு நாளும் தினம் இருபது மட்டி, நாலு ஏத்தன், ஒரு நேரம் 250 கிராம் பச்சரிசியை வடித்த சோறு, கருப்பட்டிப் பானகம். கூட்டிப் பார்த்தால் 550 வருகிறது. என் எடை 66, கிலோவுக்கு 8 கிராம். 10 இல்லை. போதும் என்று நினைக்கிறேன்.

12 பிப்ரவரி 2025

இதை எல்லாரும் படிக்க வேண்டும். என் அண்ணனுக்குச் சர்க்கரை நோய், மாத்திரை எடுக்கிறார். மேலே எழுதிய எதுவும் அவருக்கு இல்லை. மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொண்டு விரதமும் இருந்து ஓடினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். விரதம் இல்லாமல் இருபது மட்டி தின்றால் ஏறிவிடும். மருத்துவரிடம் ஓட்டத்தைப் பற்றி முன்கூட்டியே சொல்லி, மாத்திரை அளவைக் கேட்டுக்கொண்டுதான் போக வேண்டும். அண்ணன் இந்த வருடம் திருமலையில் கும்பிட்டுவிட்டு, மற்ற கோயில்களுக்கு வண்டியில் வருகிறார். வருத்தம்தான், ஆனால் வருகிறார்.

23 பிப்ரவரி 2025

வேட்டி மடிப்பில் டப்பா, கருப்பட்டி 200 கிராம். உப்புப் பொட்டலம். வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடித்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும், அது தாகத்தைவிட மோசம். மற்றது வழியில்.

28 பிப்ரவரி 2025

கால் வீக்கம் இன்னும் வற்றவில்லை, படுத்துக்கொண்டே எழுதுகிறேன்.

திருமலையில் 25ஆம் தேதி மாலை புறப்பட்டோம். திற்பரப்பு அருவிச் சத்தம் இருட்டில் கேட்கும்போதே எனக்குத் தெரிந்தது, இந்தத் தடவை கால் வேறு. பொன்மனை. கை நடுங்கவில்லை. பன்னிப்பாகத்தில் அந்தத் திண்ணையைத் தேடினேன், வீட்டை இடித்துக் கட்டியிருக்கிறார்கள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு ஒரு துண்டுக் கருப்பட்டி வாயில் போட்டேன்.

கல்குளத்தில் ஒரு தவறு. நீலகண்டசுவாமியைக் கும்பிட்டு வந்ததும் பசி என்று இரண்டு கிண்ணம் பயறுக் கஞ்சி குடித்துவிட்டேன். அதுவரை மணிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்த வயிறு, ஒரே மூச்சில் வந்ததைத் தாங்கவில்லை. மேலாங்கோடு பக்கம்தான், ஆனால் போய்ச் சேர்வதற்குள் இரண்டு தடவை ஓரமாக உட்கார்ந்தேன். திருவிதாங்கோடு வரை பானகம் மட்டும். வயிற்றுக்கும் பயிற்சி வேண்டும் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஓடிக்கொண்டே கஞ்சி குடித்துப் பழகியது நான் இல்லை. ஏப்ரலிலிருந்து ஞாயிறு ஓட்டத்தில் அரை மணிக்கு அரைக் கிண்ணம் என்று பழகப் போகிறேன்.

திருநட்டாலத்தில் சங்கரநாராயணர் முன்னால் நின்றபோது 23 மணி நேரம் 10 நிமிடம். அண்ணன் வாசலில் காத்திருந்தான்.

1 மார்ச் 2025

இந்தப் பக்கம் முழுவதையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஸ்வீடன், மிதிவண்டி, வாசல் எல்லாம் கேட்டார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்: “மரச்சீனிக்கு எத்தனை தண்ணி வடிக்கணும்னு எழுதினியா?”

எழுதவில்லை. எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும் என்று விட்டுவிட்டேன். வெளியூர்க்காரர்கள் படிக்கிறீர்கள், ஆகவே: மரச்சீனியைப் பச்சையாகத் தின்னக் கூடாது, அதில் சயனைடு விடுகிற பொருள் உண்டு. கசப்பு வகையில் அதிகம். தோலை முழுக்க உரித்து, உள்தோலையும் எடுத்து, சின்னத் துண்டாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் கொதிக்க விட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். மறுபடி புதுத் தண்ணீர் ஊற்றி, உப்பும் மஞ்சளும் போட்டு வேக வையுங்கள். பிடுங்கிய இரண்டு நாளுக்குள் சமைத்துவிடுங்கள், நீலக் கோடு ஓடிய கிழங்கை வாங்காதீர்கள். தின்று கசந்தால் துப்பிவிடுங்கள்.

இரண்டு தண்ணீர். அப்பா சொன்னது.